அப்பா எழுதிக்கொடுத்த வீடு

அப்பாவின் உயிலை எனக்குக் காட்டியவர் எங்கள் குடித்தனக்காரர். டீக் கோப்பைகளை ஓரமாக நகர்த்திவிட்டு, பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார். கீழே அப்பாவின் கையெழுத்து, கடைசி எழுத்தின் அடியில் அவர் எப்போதும் இழுக்கும் கோட்டோடு. தன்னிடம் காட்டிய அன்புக்கும் பாசத்துக்கும் ஈடாக, தன் காலத்துக்குப் பிறகு இந்த ஃபிளாட்டை இன்னாருக்கு விட்டுச் செல்வதாக ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தது. அந்த இன்னார் நானோ அம்மாவோ இல்லை. எதிரில் உட்கார்ந்திருந்த குடித்தனக்காரர்தான். வீட்டைக் காலி செய்து தரும்படி கேட்கத்தான் நான் போயிருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது, தில்லியில். மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்த அப்பா, ரிட்டயர் ஆவதற்கு முன்பே மாரடைப்பில் போய்விட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய அம்மாவுக்குச் சில மாதங்கள்தான் தவணை. நான் ஒரே பெண். கல்யாணமாகி மாமனார் மாமியாரோடு இரண்டு அறை வீட்டில் இருந்தேன். "சம்பந்தி வீட்ல போயி நான் சோத்துக்கு உக்காரவா?" என்று அம்மா அந்தப் பேச்சை எடுக்கவே விடவில்லை. எங்களுக்கென்று இருந்தது, யமுனைக்கு அக்கரையில் அரசாங்கக் குலுக்கலில் விழுந்த ஒரு ஃபிளாட். சாவி கைக்கு வந்த வாரமே அதை வாடகைக்கு விட்டாயிற்று. மாதா மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போய் வாடகையை வாங்கி வந்து அம்மா கையில் கொடுப்பார். என்னையும் ஒருதரம் கூட்டிப் போங்க என்று அம்மா கேட்டால், "குடியிருக்கவுக வீட்டுக்குள்ள போயி எட்டிப் பாக்கதா? ரிட்டயர் ஆவட்டும், ஒரேயடியாப் போயிருவோம்" என்பார். அம்மாவும் சரி என்று இருந்துவிட்டாள்.

அந்தக் காலத்து தில்லியில் வீடு விற்பதற்கு ஒரு தனி வழி இருந்தது. குலுக்கலில் வந்த ஃபிளாட்டைச் சட்டப்படி விற்க முடியாது. ஆகவே விற்கிறவர் வாங்குகிறவருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுப்பார். ஆள் செத்தால் பவரும் செத்துவிடும் என்பதால், கூடவே வாங்குகிறவர் பெயருக்கு ஓர் உயிலும் எழுதிப் பதிவு செய்துவிடுவார். பிள்ளைகள் பின்னால் தகராறு செய்யாமல் இருக்க இப்படி ஓர் ஏற்பாடு. ஊர் பூராவும் முன்பின் தெரியாதவர்கள்மேல் அன்பும் பாசமுமாக உயில் எழுதித் தள்ளிக்கொண்டிருந்தது. இதைச் சொல்லி நாங்களே எத்தனையோ தடவை சிரித்திருக்கிறோம். அப்பா எங்களை விடப் பலமாகச் சிரிப்பார்.

"உன் ஷாதிக்காகத்தான் பேட்டி" என்றார் குடித்தனக்காரர். என் கல்யாணச் செலவுக்காக அப்பா வீட்டை அவருக்கே விற்றிருக்கிறார். மெதுவாகத்தான் சொன்னார், நல்ல மனிதர். அவர் மனைவி என் தலையைத் தடவினாள். எனக்கு அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும்போல இருந்தது. விற்ற பிறகும் அப்பா மாதம் தவறாமல் வந்திருக்கிறார். டீ குடித்துவிட்டு, பால்கனியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவாராம். அவர்களும் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு முறை டேப் கொண்டுவந்து சமையல் மேடையை அளந்தாராம். அம்மா புதுக் கிரைண்டர் வாங்க அளவு கேட்டிருந்தாள். விற்றுவிட்ட வீட்டின் மேடையை அளந்துகொண்டு வந்து கொடுத்திருக்கிறார். அம்மா கைக்கு வந்த வாடகை, சாயங்காலங்களில் கரோல்பாக் கடைகளுக்குக் கணக்கு எழுதிச் சம்பாதித்தது என்று பின்னால் தெரிந்தது. ஆபீசில் வேலை அதிகம் என்று அவர் சொன்னதையும் நாங்கள் நம்பியிருந்தோம்.

அம்மாவிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் சட்டம் தெரிந்த ஒரு சார் இருந்தார். "உயில் மட்டும் வெச்சுக்கிட்டு அவரால நகர முடியாதும்மா. வாரிசுங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் பேர் மாறும். போடாதீங்க. கோர்ட்டுக்குப் போனா ஆயுசுக்கும் இழுக்கும், வழிக்கு வருவாரு" என்றார். அம்மா போடக் கூடாது என்றுதான் நானும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் அம்மா தலை பின்னிக்கொண்டே, "காசு வாங்கித்தானட்டி உன்னயக் கெட்டிக்குடுத்திருக்காவ. வித்த வீட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திருப்பிக் கேக்க?" என்றாள். என் கழுத்தில் கிடந்ததும் அந்த வீடுதான்.

இருவரும் பேர் மாற்றுகிற ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டோம். "மாதாஜி, ஏதாவது ஆட்சேபணை உண்டா?" என்று குமாஸ்தா இந்தியில் சத்தமாகக் கேட்டார். அம்மா என்னைப் பார்க்காமல், "நஹி" என்றாள். வெளியே குடித்தனக்காரர் கைகூப்பி, வீட்டுக்கு வாருங்கள், உங்கள் வீடுதான் அது என்றார். அந்த ஊரில் எல்லோரும் எல்லோரிடமும் சொல்கிற உபசார வார்த்தை. "வரலன்னு சொல்லுட்டி" என்றாள் அம்மா. பஸ் நிறுத்தத்து நிழலில் நின்றதும் சொன்னாள்: "ஒங்கப்பாவப் பத்தி யார் கேட்டாலும் நீ நல்லாச் சொல்லு. ஒனக்காகத்தான செஞ்சாவ, நீ சொல்லத்தான் செய்யணும். என்ட்ட மட்டும் கேக்காத."

தெற்கு தில்லியில், முனிர்காவில், அம்மாவுக்கு மாடியில் ஓர் ஒற்றை அறை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தேன். கீழே மாணவர்கள், மேலே தண்ணீர்த் தொட்டி. வெயில் காலத்தில் இரவிலும் சுவர் சுடும். அம்மா அங்கேயே இருந்து அங்கேயே போனாள். இப்போது என் மகள், தாத்தா எப்படிப்பட்டவர் என்று கேட்கிறாள். நல்லவர் என்று சொல்கிறேன். அம்மா இருந்தவரை, அவள் காதில் விழும்படி யாரும் இதைக் கேட்டுவிடாமல் பார்த்துக்கொண்டேன்.