மூன்றே முக்கால் அங்குலத்துக்கு ஒரு புள்ளி

"ஏம்மா, ஒரு பெட்டிக்குள்ள பதினாலு புள்ளி நாலு பனியன் எப்படிம்மா வச்சிய?"

தூத்துக்குடியிலிருந்து போனில் இப்படிக் கேட்டவர் எங்கள் கிளியரிங் ஏஜென்ட். துறைமுகத்தில் எங்கள் சரக்குக்கான காகிதங்களைப் பார்ப்பவர். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேசையில் இருந்த பேக்கிங் லிஸ்ட் நகலை எடுத்துப் பார்த்தேன். நான் அடித்தது 144, பெட்டிக்குப் பன்னிரண்டு டஜன். காகிதத்திலோ 14க்கும் கடைசி 4க்கும் நடுவில் மிளகுத்தூள் போல ஒரு கறுப்புப் புள்ளி உட்கார்ந்திருந்தது. அது 14.4 ஆகியிருந்தது.

"புது செட்டு இன்னிக்குச் சாயங்காலப் பஸ்ஸுல ஏத்தி விட்டுருங்க. இல்லைன்னா சரக்கு இந்தக் கப்பல்ல போவாது" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோயம்புத்தூருக்குக் கிழக்கே, பனியனுக்குப் பேர்போன ஊரில், ராயபுரத்தில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். முதலாளி எங்கேயோ பழசாக வாங்கி வந்த கம்ப்யூட்டர் அது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும், மவுஸ் கிடையாது. அதனோடு ஒரு லேசர் பிரிண்டரும் வந்தது. அது வந்த மறுவாரமே பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரைக் காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் தன் மச்சானுக்கு முதலாளி கொடுத்தனுப்பிவிட்டார். அதனால் எங்களிடம் இருந்தது இந்த ஒன்றுதான்.

கோயம்புத்தூர் சர்வீஸ் இன்ஜினியருக்குப் போன் செய்தேன். வியாழக்கிழமைதான் வர முடியும் என்றார். அன்று திங்கள்.

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கம்ப்யூட்டருக்கு இரண்டடி தள்ளியே நின்றார்.

"கண்ணு, இது வைரசு. பெருமாநல்லூர்ல நம்ம பங்காளி ஆபீசுல நானே பாத்தேன். டிவி பொட்டில ஒரு புள்ளி அங்கயும் இங்கயும் குதிச்சுட்டுத் திரிஞ்சுது. அதுதான் இப்ப காயிதத்துல எறங்கியிருக்குது."

அப்படி ஒரு வைரஸ் அந்தக் காலத்தில் இருந்தது உண்மைதான். எனக்கும் சந்தேகம் வந்தது. திரையை உற்றுப் பார்த்தேன். எதுவும் குதிக்கவில்லை. ஃபைலை வேறு பெயரில் புதிதாக அடித்துப் பிரிண்ட் எடுத்தேன், புள்ளி வந்தது. வேறு ஃபிளாப்பியைப் போட்டுக் கம்ப்யூட்டரைத் திரும்ப ஓட்டினேன். அப்போதும் வந்தது. ஒரு எழுத்தும் இல்லாத வெற்றுப் பக்கத்தை அனுப்பினேன். வெற்றுப் பக்கத்திலும் புள்ளி.

அந்த வெற்றுப் பக்கத்தைக் கையில் வைத்துப் பார்த்தபோது பயத்தைவிட வேறொன்று எனக்குள் கிளம்பியது. எதுவுமே இல்லாத பக்கத்தில் இந்தப் புள்ளியை யார் வைப்பது? அது எனக்குத் தெரிந்தாக வேண்டும் போலிருந்தது.

பிரிண்டரோடு வந்த புத்தகத்தைப் புரட்டினேன். கம்ப்யூட்டர் இல்லாமலே பிரிண்டர் தன்னைத் தானே சோதித்துப் பார்க்க ஒரு பொத்தான் உண்டு என்று அதில் இருந்தது. பின்னால் போய்த் தடிமனான கேபிளைப் பிடுங்கினேன். இப்போது கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பொத்தானை அழுத்தினேன். வரிவரியாகக் கோடு போட்ட சோதனைத் தாள் வெளியே வந்தது. கூடவே மூன்று இடத்தில் புள்ளியும் வந்தது.

"வைரஸ் இல்லீங்க. கம்ப்யூட்டர் மேல தப்பே இல்லீங்க" என்று முதலாளியிடம் தாளைக் காட்டினேன்.

"அப்பறம் ஏங் கண்ணு வருது?"

தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கீழே செக்கிங் ஹாலுக்குப் போனேன். அங்கே துணி செக்கிங் செய்யும் ஒருத்தி எனக்குச் சிநேகிதி. என் வயதுதான். இரண்டு பேரும் பெருமாநல்லூரிலிருந்து ஒரே பஸ்ஸில் வருவோம். விளக்கு மேசையின் மேல் ஓடுகிற துணியில் ஓட்டை, கறை, நூல் விட்ட இடம் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. சோற்றுப் பாத்திரத்தோடு அந்தத் தாளையும் கொண்டுபோயிருந்தேன். அவள் அதைச் சாப்பிடுவதற்கு முன்பே வாங்கி ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள்.

"ஏம்புள்ள, இது மூணும் ஒரே நேர்ல இருக்குது பாத்தயா?"

"நேர்லதான் இருக்குது."

"எடவெளியும் ஒண்ணாட்டத்தான் தெரியுது. இரு."

கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை எடுத்து முதல் புள்ளியிலிருந்து இரண்டாவதற்கு வைத்தாள். மூன்றே முக்கால் அங்குலம். இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு வைத்தாள். மூன்றே முக்கால்.

"பிரிண்டிங் துணியில இப்பிடித்தான் வரும்" என்றாள். "பூப்போட்ட துணில ஒரே எடத்துல, ஒரே அளவு தள்ளித் தள்ளிக் கறை வந்தா, அச்சடிக்கிற உருளையில எங்கியோ ஓட்டைன்னு அர்த்தம். உருளை ஒரு சுத்து சுத்துனா ஒரு புள்ளி. உன்ற பொட்டிக்குள்ள சுத்தறது ஏதாச்சும் இருக்குதா?"

என் சோறு ஆறிப்போனது. அவளையும் இழுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

பிரிண்டரை அணைத்து மூடியைத் திறந்தோம். உள்ளே ஒன்றல்ல, நான்கைந்து உருளைகள். காகிதத்தை இழுப்பதற்கு ஒரு ரப்பர் உருளை. கடைசியில் மைப் பொடியைக் காகிதத்தில் உருக்கி ஒட்டுகிற சூடான உருளை. அதன் அருகில் கையைக் கொண்டுபோகவே முடியவில்லை. ஆறட்டும் என்று காத்திருந்தோம். அந்த நேரத்தில், உருளையைச் சுற்றி டேப் போக இடமில்லையே என்று யோசித்தேன். பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. விட்டம் தெரிந்தால் போதும். இருபத்திரண்டால் பெருக்கி ஏழால் வகுத்தால் சுற்றளவு.

ஸ்கேலை வைத்து நான் அளந்தேன், அவள் காகிதத்தில் கணக்குப் போட்டாள். ரப்பர் உருளையும் மற்ற சின்ன உருளைகளும் ஒத்துவரவில்லை. சூடான உருளை ஆறியதும் அளந்தோம். அதற்கு மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் வந்தது. மிச்சமிருந்தது அந்த மைப் பொடி அடைத்த கார்ட்ரிஜ். அதை வெளியே எடுத்து, அடியிலிருந்த மூடியை விரலால் தள்ளினேன். பச்சை நிறத்தில், கண்ணாடி போலப் பளபளவென்று ஓர் உருளை. விட்டம் மூன்று சென்டிமீட்டர்.

"ஒம்பதர சென்டிமீட்டருக்குச் சித்தக் கொறைய வருது" என்றாள். டேப்பைத் திருப்பிப் பார்த்தாள். மூன்றே முக்கால் அங்குலத்துக்கு மறுபக்கம் ஒன்பதரை.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். வெளிச்சம் பட்டால் அந்த உருளை கெட்டுவிடும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அதனால் அவள் தன் தாவணியை மேலே விரித்துப் பிடிக்க, நான் உருளையை மெதுவாகத் திருப்பினேன். கால் சுற்று. அரைச் சுற்று. அங்கே இருந்தது. பச்சைப் பூச்சு பெயர்ந்து, கடுகில் பாதி அளவுக்கு ஒரு கீறல்.

என் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கீறலை எனக்குத் தெரியும்.

போன வாரம் காகிதம் சிக்கிக் கிழிந்து, ஒரு துண்டு கார்ட்ரிஜ் மூடிக்குள் மாட்டிக்கொண்டது. விரல் நுழையவில்லை. நூல் பிசிறு வெட்டுகிற டிரிம்மரின் முனையால் நான்தான் அதைக் குத்தி எடுத்தேன்.

"எந்த டிரிம்மரு?" என்று அவள் கேட்டாள்.

"உன்னோடதுதான். கேட்டு வாங்கிட்டுப் போனனே."

"என்ற பேரச் சொல்லிராத புள்ள" என்றாள்.

சொல்லவில்லை. ஆனால் என்னைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கண்டுபிடித்ததைச் சொன்னால் காரணத்தையும் சொல்லித்தானே ஆக வேண்டும். முதலாளி அறைக்குப் போய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப வைரசே இல்லீங்கற?"

"இல்லீங்க."

"நான் பங்காளிகிட்ட வைரசுன்னு சொல்லிப்போட்டனே" என்றார். அதுதான் அவருக்குப் பெரிய வருத்தமாக இருந்தது. "செரி, புது கார்ட்ரிஜுக்குச் சொல்லிரு. இனிமே கத்தி கபடா எதையும் அதுக்குள்ள உடாத. இன்னிக்குக் காயிதத்துக்கு என்ன பண்றது?"

அதை நான் அவர் அறைக்கு வரும்போதே யோசித்திருந்தேன். புள்ளி மேலும் கீழும் எங்கே வேண்டுமானாலும் விழும். ஆனால் இடது வலதாக அது அசையாது, எப்போதும் ஒரே நேர்கோடுதான். அந்தக் கோட்டில் எண் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். எண்ணிக்கைக் கட்டத்தை நான்கு எழுத்து வலது பக்கம் நகர்த்தினேன். புள்ளி விழும் கோட்டில் வெற்றிடம் வந்தது. பதினோரு பக்கங்களையும் அடித்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் அவள் துணியைப் பார்ப்பது போலவே விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, "பாஸ்" என்று சொல்லிச் சொல்லி அடுக்கினாள். சாயங்காலப் பஸ்ஸில் கவர் போனது. மறுநாள் காலை தூத்துக்குடிக்காரர் போன் செய்து, "இப்ப சரியா இருக்கும்மா" என்றார்.

வியாழக்கிழமை இன்ஜினியர் புது கார்ட்ரிஜோடு வந்தார். முதலாளி அவரை உட்காரவைத்து, நாங்கள் அளந்த கதையைச் சொல்லச் சொன்னார். பெருமையாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நானா இருந்தா மொதல்ல கார்ட்ரிஜ மாத்திப் பாத்திருப்பேங்க. அஞ்சு நிமிச வேலை" என்றார்.

அவர் போன பிறகு பழைய கார்ட்ரிஜை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வேலை முடிந்ததும் இரண்டு பேரும் கம்பெனிக்குப் பின்புறம் செய்தித்தாளை விரித்து அதைப் பிரித்தோம். கறுப்புப் பொடி கொட்டியது. தையல் பகுதியில் கீழே விழுந்த ஊசி பொறுக்குகிற காந்தத்தை அவள் கையோடு எடுத்து வந்திருந்தாள். அதைச் சும்மா தாளுக்கு அடியில் வைத்தாள். பொடி முழுவதும் சிலிர்த்து எழுந்து நின்றது. காந்தத்தை நகர்த்த நகர்த்தப் பொடியும் பின்னாலேயே ஊர்ந்தது. எழுத்து அடிக்கிற மை இரும்பு போல நடந்துகொள்ளும் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. முதல் பஸ்ஸை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த பஸ்ஸில் ஏறியபோது கண்டக்டர் எங்கள் கைகளைப் பார்த்தார். முழங்கை வரை கறுப்பு.

"எங்கீங்க, சாயப்பட்டறையில வேலையா?"

"இல்லீங்க, கம்ப்யூட்டர்" என்றாள் அவள்.