காலரா என்று தந்தி கொடுத்தவர்

துறைமுகச் சுகாதார அதிகாரி ஒல்லியான மனிதர். யார் பேச வந்தாலும் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டேதான் கேட்பார்.

உலகச் சண்டை முடிந்த புதிது. தூத்துக்குடியில் காலரா கண்டது. உலக நாடுகள் கூடி வைத்த சுகாதாரச் சபைக்கு அவர் தந்தி கொடுத்தால் கொழும்பில் நம் தோணிகளை அண்டவிடமாட்டார்கள். என் வெங்காயமோ தோணியில் ஏறியாயிற்று. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

"ஐயா, அது காலராவே இல்ல. பலாப்பழம் தின்னது கூடிப்போச்சு!"

"நீரும் தின்னீரோ?" என்றார், என் வயிற்றைப் பார்த்து.

"பயம்யா. ஒரு வாரம் பொறுத்துச் சொல்லப்பிடாதா?"

"ரங்கூன்ல பிளேக்குன்னா அவன் உடனே சொல்லுதான். அதனாலதான் அந்தக் கப்பல நாம தள்ளி நிறுத்துதோம். நாம மறைச்சா நாளைக்கு அவனும் மறைப்பான். அப்புறம் சபை எதுக்குவே? நாற்காலி தேய்க்கவா?"

கையைத் துடைத்தார். தந்தி போனது.

வெங்காயம் தோணியிலேயே அழுகியது. தெருவில் நின்று அவரைத் திட்டித் தீர்த்தேன். மறுநாள் காலை காலரா ஊசியோடு முதல் ஆளாக என் கடைக்குத்தான் வந்தார். எல்லா வசவையும் கேட்டுக்கொண்டே ஊசியில் மருந்தை ஏற்றினார். நானும் திட்டுவதை நிறுத்தாமலே கையை நீட்டினேன்.