வலது பக்கம் தொட்டி வைத்த வண்டி

முதலில் போனை நீட்டுவார்கள். அதில் ஒரு போட்டோ இருக்கும். வெளிநாட்டில் ஏதோ மலை ரோடு, ஓரத்தில் பனி, தோல் கோட்டு மாட்டிய வெள்ளைக்காரன், அவன் பக்கத்துத் தொட்டியில் கறுப்புக் கண்ணாடி போட்ட நாய். "இதே மாதிரி வேணும் சார்" என்பார்கள். நாயும் இதே மாதிரிதான் வேண்டுமா என்று கேட்க எனக்கு நாக்கு துடிக்கும். பல தடவை கேட்டும் இருக்கிறேன்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் ரோட்டில் ஒரு தகர ஷெட் போட்டு, பழைய காலத்து பாணியில் சைடு கார் வைத்த மோட்டார் சைக்கிள்கள் செய்து கொடுக்கிறேன். பைக்கின் பக்கவாட்டில் ஓர் ஆள் காலை நீட்டி உட்காரத் தொட்டி, அந்தத் தொட்டிக்கு ஒரு சக்கரம். கேட்பதற்கு எளிது. அந்த மூன்றாவது சக்கரம் ஒரு விரல் அளவு உள்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். பைக் ஒரு துளி வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி ஓட்டுகிறவனை ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் தள்ளும். இதை நான் விளக்கத் தொடங்கினால், எதிரில் இருப்பவர் ஹெட்லைட் வளையத்தில் தன் முகத்தைப் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டிருப்பார்.

ஒருவர் ஐ.டி. கம்பெனியில் பெரிய வேலையில் இருந்தார். குளிர்காலத்தில் வேடந்தாங்கலுக்குப் போய்ப் பறவைகளைப் படம் எடுப்பாராம். தொட்டிக்குள் கேமரா ஸ்டாண்ட் வைக்க இடம் கேட்டார். இந்த இன்ஜின் சத்தத்துக்கு ஏரியில் ஒரு கொக்குகூட மிச்சம் இருக்காது என்றேன். யோசித்துவிட்டு, சத்தத்தைக் குறைத்துவிடுங்கள், ஆனால் கேட்பதற்கு அதே கம்பீரம் இருக்க வேண்டும் என்றார். அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

எல்லோரையும்விட எனக்கு ஆகாதவர்கள் கடற்கரை ரோட்டு ரிசார்ட்காரர்கள். மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாலு தென்னை மரமும் ஒரு நீச்சல் குளமும் இருந்தால் அது ரிசார்ட். ரிசப்ஷனில் நிறுத்த ஒரு பழைய வண்டி வேண்டும். வருகிறவர்கள் அதில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். ஒரு மாதம் தகட்டைத் தட்டித் தட்டி நான் வளைத்து முடித்த தொட்டியில் ஒரு மகானுபாவர் குரோட்டன்ஸ் செடி வைத்துத் தண்ணீர் ஊற்றியதை என் கண்ணால் பார்த்தேன். அன்றிலிருந்து ரிசார்ட் வேலைக்கு நான் வைத்த பெயர் பூந்தொட்டி வேலை.

அப்படித்தான் இவரும் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். உள்ளே ஏதோ கிராமத்தில் விவசாயக் குடும்பம், சதுரங்கப்பட்டினத்துக்குக் கொஞ்சம் முன்னால் பன்னிரண்டு அறை கட்டி ரிசார்ட் நடத்துகிறார். தலைக்கு அடித்த சாயம் நெற்றியிலும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. போனை நீட்டினார். போட்டோவில் தொட்டி பைக்கின் வலது பக்கம் இருந்தது.

"இதே மாதிரி ரைட் சைடுல வேணும் சார்" என்றார்.

நான் சிரித்தேன். சும்மா சிரிக்கவில்லை, பெயிண்ட் அடிக்கிறவனையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தேன். அவர்கள் நாட்டில் வண்டி ரோட்டின் வலது பக்கம் போகிறது, அதனால் தொட்டி ஓரமாக இருக்கிறது. நம் ஊரில் வலது பக்கம் வைத்தால் தொட்டியில் இருப்பவர் நடு ரோட்டில் உட்கார்ந்திருப்பார், எதிரில் வரும் பஸ்காரனுக்குக் கை கொடுத்துக்கொண்டே போகலாம் என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "ரோட்ல ஓட்டணும்னா இடது பக்கம். வலது பக்கம்தான் வேணும்னா அது ஷோ பீஸ். எது?" என்று கேட்டேன்.

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டார். "சரி சார், ஷோ பீஸ்னே வெச்சிக்கோங்க" என்றார்.

அதோடு முடியவில்லை. நிறத்தை மூன்று தடவை மாற்றினார். பாட்டில் பச்சை என்றார், பிறகு கருஞ்சிவப்பு, பிறகு மறுபடியும் பச்சை, ஆனால் வேறு பச்சை. மூன்றாவது பச்சை அடித்துக் காய்ந்தபிறகுதான், தொட்டியைப் பைக்கோடு பிடிக்கும் கீழ் பிராக்கெட் இரண்டும் அரை அங்குலம் தள்ளியிருப்பதைக் கவனித்தேன். எப்போதும் இடது பக்கத்துக்கு வைத்துப் பழகிய கை, அளவை அப்படியே வலது பக்கத்துக்குத் திருப்பிப் போட்டதில் வந்த தப்பு. பிராக்கெட்டை அறுத்து எடுத்து, நகர்த்தி, டேக் வைத்தேன். டேக் என்பது இரண்டு இரும்பும் நகராமல் இருக்க அங்கங்கே வைக்கும் வெல்டிங் பொட்டு, ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அளவு. அதற்குப் பிறகு சுற்றிலும் முழுசாக வெல்டிங் ஓட்ட வேண்டும். ஓட்டினால் அந்தச் சூட்டில் முழங்கை நீளத்துக்குப் பெயிண்ட் கருகிவிடும். நாலாவது தடவை பச்சை அடிக்க வேண்டும்.

ஓட்டவில்லை. அப்படியே பட்டி பூசித் தேய்த்தேன்.

பெயிண்ட் அடிக்கிறவன் என் வயதுக்காரன், ஷெட் போட்ட நாளிலிருந்து என்னோடு இருக்கிறவன். குனிந்து பார்த்துவிட்டு, "இன்னா மச்சான், டேக்கோட வுட்டுட்ட?" என்றான்.

"பூந்தொட்டிக்கு இது போதும்."

"சக்கரம் கீதே மச்சான். சக்கரம் இருந்தா ஓட்டத்தான் பாப்பாங்க."

"நீ பச்சையை அடி" என்றேன். அவன் அடித்தான். வண்டி லாரியில் ஏறிப் போயிற்று, நானும் மறந்துபோனேன்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மீன் வாங்கச் சதுரங்கப்பட்டினம் போயிருந்தேன். டச்சுக்காரன் கோட்டைக்கு அந்தப் பக்கம் கரையில் படகுகள் வந்து நின்றிருந்தன. நான் ஒரு வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்குத் தெரிந்த இன்ஜின் சத்தம் கேட்டது. நான் செய்த வண்டிகளின் சத்தம் எனக்குத் தெரியாமல் இருக்குமா? திரும்பினால் பச்சை வண்டி. ரிசார்ட்காரர் ஓட்டிக்கொண்டு வருகிறார். வலது பக்கத் தொட்டியில் கனத்த உடம்போடு ஓர் அம்மாள், மடியில் பிளாஸ்டிக் கூடை, ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வருகிறாள். மணல் மேட்டில் ஏறி இறங்கும்போது தொட்டி ஒரு குதி குதித்தது.

வஞ்சிரத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன். அந்த அம்மாளுக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருப்பது சில துவரம்பருப்புகள் என்பது அந்தக் கரையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போவதற்குள் அவர்கள் மீன் வாங்கிக் கிளம்பிவிட்டார்கள். என் பைக்கை எடுத்துக்கொண்டு துரத்தினேன். பெரிய ரோட்டில் எட்டிப் பிடித்தும்விட்டேன். ஒரு தடவை ஹார்ன் அடித்து, கையைக் காட்டி நிறுத்தியிருக்கலாம். நிறுத்திய பிறகு என்ன சொல்வது? உன்னை முட்டாள் என்று நினைத்து இப்படிச் செய்தேன், அந்த அம்மாவை இறக்கிவிடு என்றா? அதைக் கௌரவமாகச் சொல்ல ஒரு வழி கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டே பின்னால் போனேன். எதிரில் ஒரு டூரிஸ்ட் பஸ் தொட்டியை உரசுகிற மாதிரி வந்து போனது. அந்த அம்மாள் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் நான் ஹார்ன் அடிக்கவில்லை. மூன்று கிலோமீட்டர் இருக்கும். இந்தத் தொழிலில் எத்தனையோ அற்பர்களைப் பார்த்திருக்கிறேன், அன்று அந்த ரோட்டில் போன அற்பனுக்கு ஈடாக ஒருவனும் இல்லை.

ரிசார்ட் கேட்டுக்குள் வண்டி நின்றபிறகு நான் போய் இறங்கினேன். அவர் பதறி வண்டியிலிருந்து இறங்கி, "சார், வாங்க வாங்க" என்றார். "இவங்க எங்கக்கா. சமையல் எல்லாம் இவங்கதான்."

சும்மா இந்தப் பக்கம் வந்தேன், வண்டியை ஒரு ஃப்ரீ சர்வீஸுக்கு ஷெட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறேன் என்று ஆரம்பித்தேன். குரலில் வழக்கமான அதட்டல்கூட இருந்தது. அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வாணாம் சார், நல்லா ஓடிகினு கீது" என்றார் அவர்.

"ஷோ பீஸ்னு சொல்லித்தானே வாங்குனீங்க? வலது பக்கம் ஆளை உட்கார வெச்சு ரோட்ல ஓட்றீங்களே, அறிவு வேணாமா?"

பதில் அந்த அம்மாளிடமிருந்து வந்தது. "எனக்கு சோத்தாங்கை பக்கத்து காது கேக்காது தம்பி. சின்ன வயசுலயே போய்டுச்சி. தொட்டி பீச்சாங்கை பக்கம் இருந்தா இவன் பேசறது எனக்கு இன்னான்னு தெரியும்? இந்தாண்ட இருந்தா பேசிகினே போலாம்."

"அதச் சொல்லத்தான் சார் அன்னிக்கி வந்தேன்" என்றார் அவர். "நீங்க போட்டோவ பாத்து சிரிக்க ஆரம்பிச்சிட்டீங்க. அப்பறம் எங்க சொல்றது."

நான் தரையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் தலையை விட்டேன். கீழ் பிராக்கெட்டைச் சுற்றி கனமாக, கோணல்மாணலாக, புழு நெளிந்த மாதிரி ஒரு வெல்டிங் ஓடியிருந்தது. என் பச்சை கருகிக் கிடந்தது, மேலே துருத் தடுப்புக்கு ரெட் ஆக்சைடை அள்ளிப் பூசியிருந்தார்கள். இப்படி அசிங்கமான வெல்டிங்கை என் ஷெட்டில் யாராவது ஓட்டியிருந்தால் வெளியே போ என்றிருப்பேன். கையால் பிடித்து ஆட்டினேன். அசையவில்லை.

"யார் ஓட்டினது?" என்று அடியிலிருந்தே கேட்டேன்.

"இங்க ஜன்னல் கிரில் போட்றவரு சார். வாங்கின பத்தாம் நாளே பெயிண்டுல முடி மாரி ஒரு கோடு வுட்டுது. இன்னாடான்னு நகத்தால சொரண்டுனா பட்டி வந்துது. அவராண்ட காட்டுனேன். வெறும் டேக்குதான் கீது, வேல ஜாஸ்தில மறந்துட்டாரு போலன்னாரு."

ஹெட்லைட்டில் முகம் பார்க்கிற கூட்டம் என்று நான் நினைத்திருந்த ஆள், பத்து நாளில் வண்டிக்கு அடியில் படுத்து மயிரிழை விரிசலைக் கண்டுபிடித்திருக்கிறார். நான் எழுந்து சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மறந்துதான் போயிட்டேன்" என்றேன். அவர்களாகக் கொடுத்த பொய்யை எடுத்துக்கொண்டேன். நிஜத்தை இப்போதுதான், இந்தக் காகிதத்தில் சொல்கிறேன்.

"என்கிட்ட ஏன் கொண்டுவரல?" என்று கேட்டேன்.

அக்காதான் சொன்னாள். கோபமே இல்லை, மீன் கூடையைத் திண்டில் வைத்துக்கொண்டே சொன்னாள். "இவன் உன்னாண்ட வரதுக்குத்தான் கெளம்புனான். நாந்தான் வாணாம்னேன். பத்து பேர் முன்னாடி நிக்க வெச்சி சிரிப்ப. அதுக்கு கிரில் போட்றவரே மேலுன்னு தோணிச்சி. டீ குடிக்கறியா?"

டீ வந்தது, குடித்தேன், ருசி தெரியவில்லை. ஷெட்டுக்குத் திரும்பி பெயிண்ட் அடிக்கிறவனிடம் நடந்ததைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. சொல்லிக் காட்டவும் இல்லை. அதற்குச் சிரித்திருக்கலாம்.

என் வேலையில் இதுவரை ஒரு குறைகூட வந்ததில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்வேன். அந்தப் பெருமை அன்று ராத்திரி வரைக்கும்கூட நிற்கவில்லை. மறுநாள் காலை வண்டி வாங்கியவர்களின் பெயர் எழுதிய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு முதலில் இருந்தவருக்குப் போன் போட்டேன். அவர் என்னிடம் வண்டி வாங்கி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு நாளும் திரும்பி வந்ததில்லை.

"வண்டியில ஏதாவது தொந்தரவு இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் டி.வி. சத்தத்தைக் குறைப்பது கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?"