நல்ல தண்ணீர் கேட்ட மோட்டார்

தாமிரபரணி கடலில் விழும் இடத்தில் எங்கள் முதலாளிக்கு உப்பளமும் கருப்பட்டி சேர்த்துவைக்கும் கிட்டங்கியும் இருந்தன. அவரிடம் இல்லாதது இரக்கம் ஒன்றுதான். இதை நான் சொல்ல வேண்டியதில்லை, அவர் பெண்டாட்டியே சொல்லுவாள். ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தின கோடையில், சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து படகின் பின்பலகையில் மாட்டுகிற மோட்டார் ஒன்றை அவர் தூத்துக்குடியில் வாங்கினார். திருநெல்வேலி டவுணில் அரிசி மில் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்த என்னை அதை ஓட்டவும் காக்கவும் அமர்த்தினார். என் மனைவிக்கு முதலாளியின் அந்தக் கடலோர ஊர்தான் பிறந்த ஊர். அதனால் நானும் சந்தோஷமாகவே போய்ச் சேர்ந்தேன்.

அந்த மோட்டார் தன் சூட்டைத் தணிக்கத் தானே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கடலில் ஓடினால் கடல்தண்ணீர்தான் உள்ளே போகும். கரைக்கு வந்ததும், படகுக்கு அடியில் தண்ணீருக்குள் நிற்கும் அதன் வாலை ஒரு தொட்டி நல்ல தண்ணீரில் இறக்கிக் கொஞ்சநேரம் ஓடவிட்டு, உப்பைக் கழுவித் துடைத்து எண்ணெய் போடவேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற சிறிய வழிகளில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும், மோட்டார் சூடேறி இறுகிவிடும். துரை இதை அழுத்தந்திருத்தமாகச் சொல்லித்தான் கொடுத்திருந்தான்.

ஆனால் கோடையில் அந்த ஊரில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? கடல் வற்றுகிற நேரம் பார்த்துப் பெண்கள் ஆற்றில் இறங்குவார்கள். ஆற்றுத் தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிசாகப் படர்ந்து வரும். தேங்காய்ச் சிரட்டையால் அதை அலுங்காமல் மொண்டு குடத்தில் ஊற்றவேண்டும், கொஞ்சம் அழுத்தினாலும் உப்புக் கலந்துவிடும். முதலாளி வீட்டுக்கு மட்டும் மேற்கேயிருந்து மாட்டுவண்டியில் பீப்பாயில் தண்ணீர் வரும்.

அதில்தான் மோட்டாருக்குக் கொஞ்சம் கேட்டேன்.

“ஏலே, இரும்புக்குத் தாகமா எடுக்குது?” என்றார். பிறகு அவரே ஆற்றில் இறங்கி ஒரு சிரட்டைத் தண்ணீரை மொண்டு என் வாயருகே நீட்டினார். “குடிச்சுப் பாருலே. இனிக்குதா இல்லையா? படக இதுல ஓட்டிக் கழுவு. என் பீப்பாயில கை வைக்காத.”

அன்று சாயங்காலம் இதைச் சொன்னதும் என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

“இங்கேருங்க, நாங்க எடுக்கது மேல்தண்ணி. உங்க மோட்டாருக்கு வாயி அடியிலல்லா இருக்கு? அங்கன எப்பமும் உப்புத்தான்.”

அவள் அப்போது நிறைமாதம். மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, “பிள்ள குறுக்கால கெடக்கு. வலி கண்டா இங்கன வச்சுப் பாக்க முடியாது, தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க” என்று சொல்லியிருந்தாள். தேரிமணலில் சக்கரம் புதையப் புதைய வண்டி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மோட்டார் ஓடினால் அவள் பிழைப்பாள், நின்றால் இல்லை. இது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மறுநாள் அவள் சொன்னதை முதலாளியிடம் அப்படியே சொன்னேன். “பொட்டச்சி சொன்னாளாம், இவன் கேட்டானாம்” என்று செருப்பைக் கழற்றி, உப்பளத்து ஆட்கள் எல்லாரும் பார்க்க என் கன்னத்தில் அடித்தார். ஆட்கள் சிரித்தார்கள். சிரிக்காதவனுக்கும் செருப்பு உண்டு என்பதால் சிரித்தார்கள். அதற்காக அவர்களை நான் மன்னித்துவிடவில்லை.

என் மனைவி மட்டும் அந்த வயிற்றோடு ஆற்றில் இறங்கி, ஒரு குடம் மொண்டு வந்து தொட்டியில் ஊற்றினாள். மோட்டாரின் வால் நனையக்கூட அது போதவில்லை. “எம் பிள்ளைக்கு முந்தி இதுல்லா குடிக்குது” என்று சிரித்தாள்.

ஒரு விடியற்காலையில் வலி வந்தது. படகு கேட்டு முதலாளி வீட்டு முற்றத்தில் போய் நின்றேன். அவர் சவரம் செய்துகொண்டிருந்தார். “கொண்டு போ. வரும்போது பெட்ரோல் தகரம் ஒண்ணு ஏத்திட்டு வா” என்றார். கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

மருத்துவச்சியும் ஒரு துடுப்புக்காரனும் கூட வந்தார்கள். பாதி வழியில் மோட்டாரிலிருந்து புகைந்த நாற்றம் வந்தது. பிறகு உள்ளே இரும்பு இடிக்கிற சத்தம். அப்புறம் நின்றுவிட்டது. மோட்டாரின் தலையிலிருந்த சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினேன், அசையவில்லை, உள்ளங்கைதான் வெந்தது. காற்றும் செத்துக் கிடந்தது. நாங்கள் இருவரும் துடுப்புப் போட்டோம்.

“மோட்டார் நின்னுட்டா?” என்று என் மனைவி கேட்டாள்.

“இல்ல, பைய ஓடுது.”

அவள் அந்த ஊர்க்காரி. துடுப்புச் சத்தம் தெரியாதவளா? ஆனாலும் தலையை ஆட்டினாள். தூத்துக்குடிக் கப்பல்களின் பாய்மரங்கள் கண்ணுக்குத் தெரிந்தபோது மருத்துவச்சி அவள் முகத்தில் சேலையை இழுத்துவிட்டாள். பிள்ளையும் வெளியே வரவில்லை.

கரைக்குத் திரும்பியதும் முதலாளி படகுக்குள் ஏறி முதலில் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார். “சுட்டுப் பொசுக்கிட்டியேலே, பாவி” என்றார். என் மனைவி அவர் காலடியில் கிடந்தாள்.

செத்தவர்களைக் குளிப்பாட்டப் பெரிய வீட்டிலிருந்துதான் நல்ல தண்ணீர் வரவேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். அதில் மட்டும் அவர் குறை வைக்கமாட்டார். ஒரு முழுப் பீப்பாயை வண்டியில் அனுப்பி, தானும் பின்னால் நடந்து வந்தார். “முதலாளிக்குப் பெரிய மனசு வே” என்றார்கள் ஊர்க்காரர்கள்.

பெண்கள் சேலை மறைப்புக்குள் குளிப்பாட்டி முடித்தபோது பீப்பாயில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“மிச்சத்த மண்ணுல கொட்டிராதலே. மோட்டாரக் கழுவு.”

நான் பீப்பாயை மறைப்புக்குள் உருட்டிக்கொண்டு போனேன். கடைசிச் சொட்டு வரைக்கும் அவள் மேலேயே ஊற்றினேன்.