தெருமுனை வரை வந்தார்

அம்மா பிறந்தது விக்கிரமங்கலம். வாழ்க்கைப்பட்டது தா.பழூர். ஐம்பத்து நான்கு வயதில், ஒரு காலை வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் காலமானார். காரணத்தை முதலிலேயே எழுதுகிறேன். அம்மா மனசுக்கு மாத்திரை சாப்பிட்டது தெரிந்து, துக்கம் கேட்க வந்த இடத்திலேயே சிலர் வேறு மாதிரிக் கேட்டார்கள். வேறு எதுவும் இல்லை.

நடவு நாளில் ஆட்களோடு ஆளாக வயலில் நிற்பவர் அம்மா. கடைசி ஏழு வருடம் அவருக்கு மனச்சோர்வும் பதற்றமும் இருந்தன. வெளியே தெரிந்தவை மூன்று: கல்யாணங்களுக்கு வரமாட்டார், போனை எடுக்கமாட்டார், பேச்சின் நடுவில் எழுந்து உள்ளே போய்விடுவார். உறவினர்கள் அதைத் திமிர் என்றார்கள். வீட்டுக்குள் நடந்தது வேறு. நெஞ்சு அடைக்கும், கை சில்லிடும். "இப்ப செத்துருவேன்டி" என்பார். இசிஜி எடுத்தால் ஒன்றும் இருக்காது. சில நாள் தலைவாரக்கூட எழாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். என் கல்யாணம் கெட்டுவிடும் என்று இதை மறைத்தோம். மறைத்தவர்களில் நானும் ஒருத்தி.

கூடப்பிறந்த அண்ணன், என் மாமா, இறந்தபோதுகூட அம்மா வரவில்லை என்று பலருக்கு இன்னும் கோபம். அம்மா வந்தார். மாலையோடு நாங்கள் இருவரும் ஆட்டோவில் தெருமுனை வரை வந்தோம். பறைச் சத்தம் கேட்டதும் அவருக்கு மூச்சு முட்டியது. பிடித்த பிடியில் என் வளையல் உடைந்தது. "திருப்பச் சொல்லுடி" என்றார். திருப்பினோம்.

அதன் பிறகுதான் பெரம்பலூரில் மனநல மருத்துவரிடம் போனோம். பதற்றம் வந்த நேரம், நீடித்த நிமிடங்கள், சாப்பாடு, தூக்கம் எல்லாம் நோட்டில் குறித்துக் காட்டுவேன். முதலில் தந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. மாற்றிக் கொடுத்து மூன்று மாதம் கழித்து ஒரு மதியம் அம்மா, "கொழம்புல உப்பு கம்மி" என்றார்.

சமைத்தது அப்பா. "அஞ்சாறு வருஷமா அதே உப்புதான்" என்றார்.

அம்மா சிரித்தார்.

முழுக்கக் குணமாகவில்லை. மோசமான வாரங்களும் வந்தன. அப்படி ஒரு வாரத்தில்தான், "அண்ணி வூட்டுக்குப் போவணும்" என்றார். மாமா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

அத்தை வாசலை மறித்து நின்றார். உட்காரச் சொல்லவில்லை.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

 நான் பேச வாயெடுத்தேன். அம்மா தடுத்தார்.

"அன்னைக்கு மொனை வரைக்கும் வந்தேன் அண்ணி. உள்ள வர முடியல. மனசுக்கு மாத்திரை சாப்புடறேன். திமிரு இல்ல."

 அம்மா திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். நின்றார். தெருவில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அத்தை குரலைத் தணித்தார்.

"அந்த டாக்டரு எந்தக் கெழமை பாக்குறாரு?"

அடுத்த மாதத்திலிருந்து மாதத்தின் முதல் செவ்வாய்தோறும் மூவராகப் போனோம். இதை எழுதலாமா என்று அத்தையிடம் கேட்டேன். "எழுதுடி, மறைச்சு என்னத்தக் கண்டோம்" என்றார்.

சமைத்துப்போட்ட அப்பாவுக்கும், பொறுமையாகக் கேட்ட மருத்துவருக்கும், கடைசி நாளில் தோள்கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. படிப்பவர்களில் யாருக்காவது இப்படி இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். அத்தையும் நானும் இன்னும் போகிறோம். பஸ்ஸில் மூவர் உட்காரும் சீட்டில் ஓர் இடம் இருக்கிறது.