சாமி மேடையில் இருந்த லோரி

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்து பேருக்கும் சோறு போட்டது என் வீட்டுக்காரர் ஓட்டிய ட்ரெய்லர் லோரி. அந்த லோரியில் என் கைக்குள் அடங்கும் ஓர் இரும்புப் பின் உண்டு. முன்னால் இழுக்கும் வண்டியும் பின்னால் வரும் ட்ரெய்லரும் பூட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். அதை இழுத்தால் பூட்டு கழன்று ட்ரெய்லர் தனியாகிவிடும். ஓடும்போது அது தானாக நகராமல் பிடித்துக்கொள்வது இந்தப் பின்தான். எனக்குப் படிப்பு அவ்வளவாக இல்லை, ஆனால் இது தெரியும்.

சின்னவளுக்குக் கல்யாணம் முடிந்த வருடம், ஆயுத பூஜை. பண்டமாரானில் எங்கள் வீட்டுக்குள் ட்ரெய்லரைக் கொண்டுவர முடியுமா? அதற்குப் பதிலாக அவர் பின்னைக் கழற்றி வந்து, மண்ணெண்ணெயில் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி மேடையில் என் அரிவாள்மணைக்கும் தேங்காய்த் துருவிக்கும் நடுவில் படுக்கவைத்தார். பூஜையில் வைத்ததை மறுநாள் கற்பூரம் காட்டும்வரை எங்கள் வீட்டில் யாரும் தொடமாட்டோம். மறுநாள் காலையில் முதலாளி அவசரமாகக் கூப்பிட்டார், கேரி தீவுக்கு லோடு. இவர் டீயைக்கூட முடிக்காமல் கிளம்பிவிட்டார். நான் கற்பூரத்தோடு போய்ப் பார்க்கிறேன், அந்தப் பின் மேடையிலேயே படுத்திருக்கிறது!

அதை எடுத்துக்கொண்டு மூன்று தெரு ஓடினேன். லோரிகளை நிறுத்தும் யார்டு கேட்டில் அவர் வண்டி வெளியே வந்துகொண்டிருந்தது. நடுவில் போய் நின்றேன். ஹார்ன் அடித்தார். நான் நகரவில்லை.

"என்னாடி இது, இங்கயே தீபாராதனையா?" என்று தலையை நீட்டினார்.

"ஒங்க லோரிய சாமிகிட்ட வச்சிட்டு எதை ஓட்டிக்கிட்டுப் போறீங்க?" என்று பின்னைத் தூக்கிக் காட்டினேன்.

யார்டு வேலையைக் கவனிக்கும் மண்டோர் ஓடி வந்தார். "அக்கா, ஒரு ட்ரிப்தான் லா. கம்பி வச்சுக் கட்டிக்கலாம். வழிய விடுங்க."

"இந்த லோடுக்குப் பின்னால ஒங்க வீட்டம்மா மோட்டோர் சைக்கிள்ல வந்தா, அப்பவும் கம்பிதானா மண்டோரே?"

சுற்றி நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். இவர் முனகிக்கொண்டே இறங்கி, குனிந்து பார்த்தார். கைப்பிடி இரண்டு விரல் அளவு வெளியே வந்திருந்தது, யார்டைத் தாண்டுவதற்குள்ளேயே. சிரிப்பு நின்றுவிட்டது. இவர் அதை உள்ளே தள்ளிவிட்டுப் பின்னுக்காகக் கையை நீட்டினார்.

"கற்பூரம் காட்டலயே, சாமி கோச்சுக்காதா?" என்று கேட்டார்.

"அத நான் பேசிக்கிறேன். நீங்க மாட்டுங்க."

சாயங்காலம் ஒரு பை நண்டோடு வீட்டுக்கு வந்தார். நன்றியெல்லாம் வாயால் சொல்லும் மனிதர் இல்லை. அடுத்த வருடத்திலிருந்து அந்தப் பின்னை வண்டியைவிட்டுக் கழற்றவில்லை. நான்தான் சந்தனக் கிண்ணத்தோடு யார்டுக்குப் போய், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்து அதற்குப் பொட்டு வைத்தேன்.

இப்போது அவர் வேலையை விட்டுவிட்டார். வருகிற விருந்தாளிகளிடமெல்லாம், அன்று கேட்டிலேயே தனக்குச் சந்தேகம் வந்து தானே நிறுத்தியதாகக் கதை சொல்கிறார். அதனால்தான் நான் சொல்லச் சொல்லப் பேத்தியை எழுதவைத்தேன். ஹாலில் நாற்காலியில் கண்ணை மூடியிருக்கிறார். தூங்கவில்லை, எனக்குத் தெரியும். எங்கே கண்ணு, முதலிலிருந்து படி. கேட் வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் சத்தமாகப் படி.