கேட்டு வாங்கின கார்

என் அத்தானுக்குக் கண் தெரியாது. கார் வாங்கிய கதையை இப்படியா ஆரம்பிப்பார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். வேறு எப்படி ஆரம்பித்தாலும் பொய்யாகிவிடும். அந்தக் காரை ஓட்டப்போகிறவள் என் அக்கா. பின் சீட்டில் முட்டி இடிக்க உட்காரப்போகிறவர்கள் அவர்களுடைய இரண்டு நெட்டைப் பெண்கள். வாய் கிழிய யோசனை சொன்னவன் நான். தேர்ந்தெடுத்தவர் அத்தான்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவருக்குக் கரும்பலகை மங்க ஆரம்பித்துவிட்டது. கல்யாணத்தின்போது அக்காவின் முகம் ஒரு வெளிச்சத் திட்டாக மட்டும் தெரிந்ததாம். "அன்னைக்குத் திட்டா தெரிஞ்சா, இன்னைக்கு வரைக்கும் திட்டுதான்" என்பார். இதை அவர் சொல்லாத விருந்தாளி கிடையாது. இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான்.

வேலை ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரே பிரிவில். டாக்டர்கள் படத்தைப் பார்த்துப் பேசிப் பதிவு செய்து வைப்பார்கள். அத்தான் ஹெட்போனில் அதைக் கேட்டு, அறிக்கையாக டைப் செய்வார். அவர் டைப் செய்ததைக் கம்ப்யூட்டர் அவர் காதிலேயே வாசித்துக் காட்டும். ஊரில் உள்ள அத்தனை எலும்பும் அவர் காது வழியாகத்தான் போகிறது. "பெரிய டாக்டர் வீட்ல இன்னைக்குச் சண்டை போலிருக்கு. முதுகெலும்பை எல்லாம் ஒரே மூச்சுல முடிச்சுட்டாரு" என்று சொல்லிச் சிரிப்பார். நான் இதையெல்லாம் அளப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா பி.டி. டீச்சர். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அவள் கத்தினால் அந்தக் கோடியில் ஓடுகிற பிள்ளை நின்றுவிடும். வீட்டில் விசில் ஊதாததுதான் குறை. டிக்கியில் எப்போதும் ஒரு பந்து மூட்டை கிடக்கும், அதனால் சின்னக் காரெல்லாம் அவளுக்கு ஆகாது. பெரிய உயரமான வண்டி அவர்கள் வீட்டு வாசலுக்குள் நுழையாது. நடுத்தர செடான்தான் ஒரே வழி. அவளுடைய பழைய செடான் வாழ்நாள் முழுக்க உழைத்துவிட்டு, ஒரு நாள் பள்ளிக்கூட வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது. மெக்கானிக் கையை விரித்துவிட்டார்.

அந்தப் பழைய வண்டியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சாயங்காலம் அக்கா தெருமுனையில் திரும்பும்போதே அதன் இருமல் அத்தானுக்குக் கேட்டுவிடும். என்ன வேலையில் இருந்தாலும் எழுந்து போய், வாசல் கேட்டைத் திறந்து, சுவரோடு ஒட்டி நின்றுகொள்வார். வண்டி நிற்காமல் நேரே உள்ளே வரும். மழையானாலும் காய்ச்சலானாலும் இது தப்பாது. ஹாரன் அடிக்கவே கூடாது என்பது அவர் போட்ட சட்டம். நான் ஒருமுறை காரணம் கேட்டேன்.

"ஹாரன் அடிச்சதும் வந்து திறக்கிறவன் வாட்ச்மேன். அடிக்காமலே திறக்கிறவன் புருஷன்" என்றார்.

இப்போது அக்காவுக்கு இடது முட்டி போய்விட்டது. நெரிசலில் கிளட்ச்சை மிதித்து மிதித்து, வீட்டுக்கு வந்ததும் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். அதனால் ஹைப்ரிட் வாங்க வேண்டும் என்று சொன்னவரே அத்தான்தான். அதில் பெட்ரோல் என்ஜினும் இருக்கும், பேட்டரியில் ஓடும் மோட்டாரும் இருக்கும். மெதுவாகப் போகும்போது என்ஜின் தானாக அணைந்துவிட, வண்டி மோட்டாரில் ஊரும். பிளக்கில் சொருகும் வேலை இல்லை, கிளட்ச் இல்லை, பெட்ரோலும் அவ்வளவாகக் குடிக்காது. நானும் ஆமாம் சாமி போட்டேன். ஆனால் புதுசு வேண்டாம், ஒருத்தர் கைபட்டு வந்ததை எடுப்போம் என்று ஒற்றைக்காலில் நின்றேன். ஷோரூமை விட்டு வெளியே வந்த நிமிஷமே பழசாகிவிடுகிற ஒன்றைப் புதுசு என்று வாங்குகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"புதுசோ பழசோ, எதுவா இருந்தாலும் கேட்டு வாங்கணும் மச்சான்" என்றார் அத்தான்.

"கேக்காம வாங்குவேனா?" என்று கிளம்பிவிட்டேன். மெக்கானிக்கைக் கேட்டேன். ஹைப்ரிட் ஓட்டும் டாக்ஸிக்காரர் ஒருவரை மடக்கிக் கேட்டேன். எங்கள் ஆபீசில் ஹைப்ரிட்டை செகண்ட் ஹேண்டில் வாங்கியவரை அவர் சாப்பாட்டு நேரத்தில் போய்க் கேட்டேன். பின் சீட்டுக்குக் கீழே பேட்டரிக்குக் காற்று போகும் வழி இருக்கும், அதில் தூசி அடைத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்பது வரை தெரிந்துகொண்டு வந்து, அத்தான் முன்னால் உட்கார்ந்து மூச்சு விடாமல் ஒப்பித்தேன். கடைசியாக, ஒரு பல் டாக்டரம்மா வெள்ளி நிற ஹைப்ரிட் ஒன்றை விற்கிறார், அதைவிட நல்லது கிடைக்காது என்று முடித்தேன்.

அவர் பொறுமையாகத் தலையாட்டினார். "இதெல்லாம் நீ கேட்டது. நான் எப்ப கேக்குறது?"

"நீங்க யார்கிட்ட அத்தான் கேக்கணும்?"

"கார்கிட்டடா."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மனிதர் காதால் கேட்பதைச் சொல்லியிருக்கிறார், நான் வாயால் கேட்டுக்கொண்டு ஊரைச் சுற்றியிருக்கிறேன். அக்கா சமையலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். அவள் மெதுவாகப் பேசினால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"ஹைப்ரிட் சத்தமே இல்லாம வருமாமே. நான் வர்றது அவருக்கு எப்படித் தெரியும்? அந்த கேட்டை அவர்கிட்ட இருந்து பிடுங்கற மாதிரி ஆயிடும்டா. நீ ஏதாவது சொல்லி வேணாம்னு ஆக்கிடு."

"உன் முட்டி?"

"முட்டி கிடக்கு."

அந்த முட்டிக்காகவே, அவள் சொன்னதைக் காதில் வாங்காமல் இரண்டு பேரையும் பல் டாக்டரம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். தெரு அமைதியானது. பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. காரில் ஒரு கீறல் இல்லை. பேட்டரிக் காற்றுவழியில் தூசி இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். அக்கா ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கப் போனாள். அத்தானும் நானும் வாசல் ஓரத்தில் நின்றோம். அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து, தெருமுனைப் பக்கம் காதைக் கொடுத்து நின்றார்.

அக்கா திரும்பினாள். என்ஜின் எப்போதோ அணைந்திருந்தது. கார் தெருவில் வழுக்கிக்கொண்டு வந்து, அத்தானுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. அவர் இன்னும் தெருமுனையையே கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு, வரப்போகிறாள் என்கிற சிரிப்பு.

"என்ன மச்சான், இன்னும் திருப்பத்துக்கே வரலையா?"

கண்ணாடிக்குப் பின்னால் அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பதில் வராமல் போகவே அத்தான் கையை நீட்டினார். விரல் பானெட்டில் பட்டது. சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"வந்துட்டியா?" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. உடனே சமாளித்துக்கொண்டு, "நல்ல வண்டி. இதையே எடுத்துக்கலாம். முட்டிக்கு நல்லது" என்றார்.

"இது வேணாம்" என்றாள் அக்கா, காரைவிட்டு இறங்காமலே.

வீட்டுக்குத் திரும்பினோம். எனக்கு அந்த வெள்ளி நிறக் காரின்மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. ஒரு குறையும் இல்லாத வண்டியைத் திட்டவும் வழியில்லை. போன் பண்ணிவிட்டு வரலாமே என்று சொல்ல வாயெடுத்தேன், வாட்ச்மேன் ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன்.

புதுசைப் பார்க்கலாம் என்று அக்காதான் இழுத்துக்கொண்டு போனாள், கிளட்ச் வைத்ததும் இருக்கும் என்ற எண்ணத்தில். ஷோரூமில் எங்களுக்கு வண்டி காட்டிய பெண் என்னைப் பார்த்தும் அக்காவைப் பார்த்தும் மாறி மாறிப் பேசினாள். "நானும் அதுலதாம்மா உக்காரப்போறேன். எனக்கும் கொஞ்சம் சொல்லுங்க" என்றார் அத்தான். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவர் கையைப் பிடித்துக் கதவின் கனம், சீட்டின் உயரம், டிக்கியின் ஆழம் எல்லாவற்றையும் தொட்டுக் காட்டினாள். நல்ல பெண். ஹைப்ரிட் பக்கம் வந்தபோது மட்டும் கொஞ்சம் தயங்கினாள்.

"ஒரு விஷயம் சொல்லிடறேன் சார். இந்தப் புது மாடல்ல, மெதுவா போறப்ப வெளியில ஒரு சத்தம் வரும். நடந்து போறவங்களுக்குத் தெரியணும்னு வெச்சிருக்காங்க. சில பேருக்குப் பிடிக்காது. ஆனா உள்ள அவ்வளவா கேக்காது."

அக்கா திரும்பிய வேகத்தில் கழுத்து சுளுக்காதது ஆச்சரியம்.

ஷோரூமுக்குப் பின்னால் நீளமாக ஒரு முற்றம், வண்டிகளைக் கழுவி வைக்கும் இடம். அத்தான் இந்தக் கோடியில் நின்றார். அந்தப் பெண் அந்தக் கோடியிலிருந்து ஓட்டிவந்தாள். ஊதுகிற மாதிரி, முனகுகிற மாதிரி ஒரு மெல்லிய ஓசை வந்தது. அத்தானின் முகம் மலர்ந்தது. வண்டி நின்றதும் வாடியும் விட்டது.

"கார் வருதுன்னு தெரியுது. யார் வர்றான்னு தெரியலையே. இந்த மாடல் நம்ம தெருவுலயே இருக்கு. எல்லாம் ஒரே மாதிரிதானே முனகும்? கண்டவனுக்கெல்லாம் கேட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு நிப்பேன்."

சிரிப்பாகத்தான் சொன்னார். நாங்கள் சிரிக்கவில்லை. அக்கா சாவிக்குக் கையை நீட்டினாள். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அத்தானிடம் சொல்லாமல், அக்காவையும் அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு முற்றத்தின் மறுகோடிக்குப் போனேன். முதலில் நான் ஓட்டினேன். அத்தான் அசையவில்லை. வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு போய், மறுபடி அந்தப் பெண்ணை ஓட்டச் சொன்னேன். கையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றார். மூன்றாவதாக அக்கா ஏறினாள்.

வண்டி பாதி முற்றம்கூட வரவில்லை. அத்தான் கட்டிய கையை அவிழ்த்தார். பக்கவாட்டில் நகர்ந்து, சுவரோடு முதுகை ஒட்டி நின்றார்.

"இது அவ" என்றார்.

குருட்டாம்போக்கில் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். என் சந்தேகப் புத்தி அப்படி. மறுபடி ஆளை மாற்றினேன். அக்காவை இரண்டு தடவை தொடர்ந்து ஓட்டவிட்டேன். நடுவில் கார் கழுவுகிறவரை ஏற்றினேன். என்ன தகிடுதத்தம் பண்ணினாலும், அக்கா வரும்போது மட்டும் அவர் சுவரோடு ஒட்டினார். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ஒரே கார், ஒரே முனகல், கம்பெனிக்காரன் எல்லோருக்கும் பொதுவாகச் செய்து வைத்த ஓசை. அதற்குள்ளிருந்து இந்த மனிதர் ஒரே ஒரு பெண்ணைப் பிரித்து எடுக்கிறார். இத்தனை வருஷமாக அவர் சொன்னதையெல்லாம் அளப்பு என்று நினைத்த நான், கோயிலுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டவன் மாதிரி நின்றேன்.

புதுசுதான் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. ஷோரூம் பெண்ணுக்குத்தான் பொறுக்கவில்லை.

"எப்படி சார் கண்டுபிடிக்கிறீங்க?"

"நீங்கள்லாம் ஒரே சீரா வந்து நிக்கிறீங்கம்மா" என்றார் அத்தான். "அவ அப்படி இல்ல. ரொம்பத் தூரத்துலயே ஒரு தடவ நின்னுடற மாதிரி வேகத்தைக் குறைச்சுடுவா. அப்புறம் ஊர்ந்து வருவா. மறுபடியும் குறைப்பா. பழைய வண்டியிலயும் இதேதான், அதோட இருமல்ல நான் கவனிக்காம விட்டிருக்கேன். நான் எங்க குறுக்க நிக்கிறேனோன்னு பயந்து பயந்து வர்றவ இந்த உலகத்துலயே அவ ஒருத்திதான்."

அக்கா இன்னும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி இறங்கியிருந்தது. மைதானத்தையே நிறுத்துகிற குரல்காரி, உதடு மட்டும் அசைய என்னவோ கேட்டாள். பக்கத்தில் நின்ற எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அத்தானுக்குக் கேட்டது.

"ஆமா, அப்படித்தான் ஓட்டற" என்றார். "கல்யாணமானதுலேர்ந்து."